அசமன்பாட்டை வரைபடத்தில் வரைவது: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் மாலை நேரக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப்பேர் கடலுக்குப் போகும் வீட்டைச் சேர்ந்தவர்கள். நேரிய அசமன்பாடு தொடங்கும் வாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டபடியே இங்கே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் வகுப்பில் க, ந என்று எழுதுகிறேன். க என்றால் கணவாய் எத்தனை கிலோ, ந என்றால் நண்டு எத்தனை கிலோ. கிடை அச்சில் க, செங்குத்து அச்சில் ந. தேர்வில் எழுதும்போது எக்ஸ், ஒய் என்று மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

டீச்சர், சமன்பாட்டுக்குக் கோடு வரையத் தெரியும். அசமன்பாட்டில் புதிதாக என்ன வந்துவிட்டது?

சமன்பாட்டின் விடை ஒரு கோடு. அசமன்பாட்டின் விடை ஒரு நிலம். 60 கிலோ கொள்ளும் பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். க + ந = 60 என்றால் பெட்டி சரியாக நிரம்பிவிட்டது என்று பொருள். க + ந ≤ 60 என்றால் பெட்டி கொள்ளும் எந்த அளவும் சரி: 10 கிலோ கணவாயும் 20 கிலோ நண்டும் சரி, 30-ம் 30-ம் சரி, வெறும் பெட்டியும் சரி. இவை எல்லாவற்றையும் புள்ளிகளாக வைத்தால் கோட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறைந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு அரைத்தளம் என்று பெயர்.

கோடு அந்த நிலத்தின் வரப்பு, அவ்வளவுதான். வரப்பை மட்டும் வரைந்துவிட்டு எழுந்துபோகிற பிள்ளைகள்தான் அதிகம். கோடு வரைந்து முடிந்ததும் கணக்கில் பாதிதான் முடிந்திருக்கிறது.

கோட்டை எப்படி வேகமாக வரைவது?

முதலில் குறியை மறந்துவிட்டு சமம் என்று போடுங்கள். க-வுக்கு 0 கொடுத்து ந-வைக் கண்டுபிடியுங்கள். ந-வுக்கு 0 கொடுத்து க-வைக் கண்டுபிடியுங்கள். க + ந = 60 என்பதற்கு (0, 60), (60, 0). இரண்டையும் சேர்த்தால் கோடு. ஐயம் இருந்தால் நடுவில் மூன்றாவதாக ஒரு புள்ளி, (20, 40) போல, வைத்துப் பாருங்கள். கோட்டில் விழவில்லை என்றால் எங்கோ கூட்டல் பிழை.

'குறைந்தது 20 கிலோ' என்று கேள்வியில் இருக்கிறது. 'குறை' என்று வருவதால் < தானே போட வேண்டும்?

இல்லை. இந்த ஒரு இடத்தில் போகிற மதிப்பெண் மற்ற எல்லா இடத்திலும் போவதைவிட அதிகம் என்று விடைத்தாள் திருத்தும்போது பார்க்கிறேன். பிள்ளைகள் சொல்லின் ஒலியைப் பிடித்துக்கொண்டு குறியைப் போடுகிறார்கள். வியாபாரி 'குறைந்தது 20 கிலோ நண்டு வேண்டும்' என்றால் 15 கிலோ கொண்டுபோய்க் கொடுப்பீர்களா? வாங்க மாட்டார். 20 கொடுத்தால் வாங்குவார், 25 கொடுத்தாலும் வாங்குவார். ஆகவே ந ≥ 20.

'குறைந்தது', 'குறைந்தபட்சம்', 'குறையாமல்' மூன்றுக்கும் ≥ தான். 'அதிகபட்சம்', 'மிகாமல்' இரண்டுக்கும் ≤. 'அதிகபட்சம் 6 பேர் ஏறலாம்' என்ற வள்ளத்தில் 6 பேர் ஏறலாம், 7 பேர் ஏறக் கூடாது. 'அதிக' என்று தொடங்கினாலும் குறி சிறியது பக்கம்தான். 'விடக் குறைவாக' என்றால் <, 'விட அதிகமாக' என்றால் >. இவற்றில் அந்த எண் சேராது. சொல்லை விட்டுவிட்டு இரண்டு எண்களைச் சொல்லிப் பாருங்கள். கேட்ட எண்ணே ஒத்துவருமா, அதைவிடச் சற்றுக் கூடிய எண் ஒத்துவருமா? இரண்டுக்கும் பதில் தெரிந்தால் குறி தெரிந்துவிடும்.

எப்போது முழுக்கோடு, எப்போது விட்டுவிட்டு வரையும் கோடு?

வரப்பின் மேல் நிற்பவரும் விடைக்குள் சேர்வாரா என்பதுதான் கேள்வி. ≤, ≥ என்றால் சேர்வார், முழுக்கோடு. <, > என்றால் சேர மாட்டார், விட்டுவிட்ட கோடு.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களிடம் மீன்பிடித் தடைக்காலத்தை எண்ணச் சொல்வேன். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31, ஜூனில் 14, மொத்தம் 61. இரண்டு முனை நாள்களும் சேர்வதால்தான் 61 வருகிறது. முனைகளை விட்டுவிட்டால் 59. ஜூன் 14 அன்று படகை இறக்கலாமா கூடாதா என்பது வரப்பு சேருமா சேராதா என்ற கேள்விதான்.

<, > என்ற குறிகள் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் நூலில் 1631-இல், அவர் இறந்த பிறகு, அச்சில் வந்தன. அவற்றின் அடியில் சமக்குறியைச் சேர்த்து வரப்பையும் உள்ளே கொண்டுவந்தவர் பியர் பூகே, 1734-இல். அவர் பிரான்சின் கடலோர ஊர் ஒன்றில் பிறந்து, கடலோடும் கலையைக் கற்பித்து, கப்பல் கட்டுவதைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். கடல் தெரிந்த ஒருவர் போட்ட குறியைத்தான் நாம் போடுகிறோம் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெரியது என்றால் கோட்டுக்கு மேலே, சிறியது என்றால் கீழே என்று மனப்பாடம் செய்தேன். ஏன் தப்பாகிறது?

அந்த மனப்பாடம் ந மட்டும் தனியாக இடப்பக்கம் நிற்கும்போதுதான் உண்மை. 4க − 2ந ≥ 20 என்ற கணக்கை எடுங்கள். குறி பெரியது என்று சொல்கிறது; மேலே நிழலிட்டால் விடை தப்பு. கோடு (5, 0), (0, −10) வழியாகப் போகிறது. இப்போது (0, 0)-ஐ வைத்துப் பாருங்கள்: 0 ≥ 20 ஆகுமா? ஆகாது. ஆகவே (0, 0) இருக்கும் பக்கம் விடை இல்லை, மறுபக்கம்தான். (10, 0) வைத்தால் 40 ≥ 20, சரி. அது கோட்டுக்குக் கீழே, வலப்பக்கம். நான் வகுப்பில் மேல், கீழ் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஒரு புள்ளியை வை, உண்மையா பார், உண்மை என்றால் அந்தப் பக்கம், பொய் என்றால் எதிர்ப்பக்கம். எந்தக் கணக்குக்கும் இது போதும்.

ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் முழுவதும் சரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் முறையை மட்டும் கற்றவர்கள் கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போனேன். ஈர மணலில் குச்சியால் இரண்டு அச்சுகளைக் கீறி, ஒரு எட்டு ஓர் அலகு என்று வைத்துக்கொண்டோம். கிடை அச்சில் 6-இல் ஒரு முளை, செங்குத்து அச்சில் 6-இல் ஒரு முளை. இரண்டுக்கும் நடுவே பழைய வலைக் கயிற்றை இழுத்துக் கட்டினோம். ஆளுக்கோர் இடத்தில் நின்று, தம் இரண்டு எண்களையும் கூட்டிச் சத்தமாகச் சொன்னார்கள். கயிற்றின் மேல் நின்றவர்கள் எல்லாரும் 6. உள்ளே நின்றவர்கள் 3, 5, 2, ஐந்தரை. வெளியே நின்றவர்கள் 7, 9, ஆறேகால்.

பிறகு உள்ளே 5-இல் நின்ற ஒரு சிறுமியை மெல்ல வெளியே நடக்கச் சொன்னேன். அவள் எண் 5, ஐந்தரை, ஐந்தேமுக்கால் என்று ஏறியது. கயிற்றில் கால் பட்டபோது 6. தாண்டிய பிறகுதான் 6-க்கு மேல். எண் தாவிக் குதிக்காது. 6-ஐவிடச் சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போக 6-ஐத் தொட்டே ஆக வேண்டும், அந்த 6 இருப்பது கயிற்றில் மட்டுமே. கயிற்றைத் தாண்டாதவரை எங்கே நடந்தாலும் எல்லாரும் ஒரே கட்சி. ஒருவரைக் கேட்டால் போதும்.

கோடு (0, 0) வழியாகவே போனால் எதை வைப்பது?

கோட்டில் இல்லாத எந்தப் புள்ளியையும். ந ≥ 2க என்பதில் (0, 0) வைத்தால் 0 ≥ 0 என்று வரும். அது எந்தப் பக்கத்தையும் சொல்லாது, ஏனென்றால் அது வரப்பின் மேலேயே நிற்கிறது. (10, 0) வையுங்கள்: 0 ≥ 20, பொய். அதற்கு எதிர்ப்பக்கம் நிழல்.

மைனஸால் வகுத்தால் குறி ஏன் திரும்புகிறது? விதி என்று மட்டும் சொல்கிறார்கள்.

கடல் மட்டத்தை 0 என்று வையுங்கள். மேலே பிளஸ், கீழே மைனஸ். 5 என்பது 3-ஐவிட உயரம். அதே எண்களை மைனஸ் ஆக்கினால் இரண்டும் தண்ணீருக்குள் போகின்றன: 5 பாகம் (கடலில் ஆழத்தை அளக்கும் அலகு) ஆழத்தில் கிடக்கும் கல், 3 பாகம் ஆழத்தில் கிடக்கும் கல்லைவிடக் கீழே. மேலே உயரமாக இருந்தது உள்ளே ஆழமாகிவிட்டது. வரிசை தலைகீழாகிறது, அதனால் குறியும் திரும்புகிறது.

மேலே பார்த்த 4க − 2ந ≥ 20 கணக்கில் ந-வைத் தனியாக்கினால் −2ந ≥ 20 − 4க. −2-ஆல் வகுத்தால் ந ≤ 2க − 10. திருப்ப மறந்து ந ≥ 2க − 10 என்று எழுதினால் (0, 0) உண்மையாகிவிடும்: 0 ≥ −10. ஆனால் மூலக் கணக்கில் அது பொய். ஆகவே சோதனைப் புள்ளியை எப்போதும் மூலக் கணக்கிலேயே வையுங்கள். வழியில் பிழை செய்திருந்தாலும் நிழல் சரியாக விழும்.

கணக்கில் க மட்டும்தான் இருக்கிறது, ந இல்லை. எப்படி வரைவது?

க ≤ 30 என்றால் 30-இல் செங்குத்தாக ஒரு கோடு. அதற்கு இடப்பக்கம் முழுவதும் விடை. ந எவ்வளவாக இருந்தாலும் கவலை இல்லை என்பதுதான் ந இல்லாததன் பொருள்.

நம் கடலிலேயே இப்படி ஒரு கோடு இருக்கிறது. 1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளை இணைத்து எல்லை வகுத்தது. அவற்றில் ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே தீர்க்கரேகையில், 79 பாகை 32 நிமிடம் கிழக்கில், உள்ளன. தனுஷ்கோடிக்குக் கிழக்கே உள்ள அந்தத் துண்டுக்கு எல்லை ஒரு செங்குத்துக் கோடு. அங்கே நம் பக்கத்தில் இருக்கிறோமா என்பதற்கு 'கிழக்கு நிமிடம் 32-க்குக் குறைவா' என்ற ஒரே கேள்வி போதும். வடக்கே எவ்வளவு என்று பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு மூன்று அசமன்பாடுகள் ஒன்றாக வந்தால் நிழல் மேல் நிழல் விழுந்து ஒன்றும் தெரியவில்லை.

நான் செய்வது இது: வேண்டாத பக்கத்தை மட்டும் பென்சிலால் லேசாகக் கீறுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அப்படியே. கடைசியில் கீறல் படாத வெள்ளை நிலம் மிஞ்சும். அதுதான் எல்லாருக்கும் பொதுவான விடை. பாடப்புத்தகம் வேண்டிய பகுதியைத்தான் நிழலிடுகிறது. ஆகவே விடைத்தாளில் கீறல்களை அழித்துவிட்டு, மிஞ்சிய நிலத்தை மட்டும் நிழலிட்டுத் 'தீர்வுப் பகுதி' என்று எழுதுங்கள்.

ஒரு கணக்கு. பெட்டி 60 கிலோ கொள்ளும்: க + ந ≤ 60. ஐஸ் 40 கிலோ இருக்கிறது. ஒரு கிலோ கணவாய்க்கு ஒரு கிலோ ஐஸ், ஒரு கிலோ நண்டுக்கு அரைக் கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். க + ½ந ≤ 40, அதாவது 2க + ந ≤ 80. இரண்டு கோடுகளும் (20, 40)-இல் வெட்டுகின்றன. மிஞ்சும் நிலத்துக்கு நான்கு மூலைகள்: (0, 0), (40, 0), (20, 40), (0, 60).

க ≥ 0, ந ≥ 0 என்று ஏன் எழுத வேண்டும்? அது தெரிந்ததுதானே?

நமக்குத் தெரியும், கோட்டுக்குத் தெரியாது. அவை இல்லாவிட்டால் க = −100, ந = 100 கூட மேலே சொன்ன இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்திவிடும்.

நிலத்துக்குள் எல்லாப் புள்ளியும் விடை என்றால், அதிக லாபம் மட்டும் ஏன் மூலையில் கிடைக்கிறது?

கணவாய் கிலோ 300 ரூபாய், நண்டு 250 என்று வைப்போம். 300க + 250ந = 6,000 என்பது ஒரு கோடு; அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் 6,000 ரூபாய். 9,000-க்கு அதற்கு இணையாக இன்னொரு கோடு, சற்று வெளியே. ஸ்கேலை அந்தச் சாய்வில் வைத்து, சாய்வு மாறாமல் வெளிப்பக்கம் நகர்த்துங்கள். பணம் ஏறிக்கொண்டே போகும். ஸ்கேல் நிலத்தை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கும்? ஒரு மூலையை. நான்கு மூலைகளிலும் பணத்தைக் கணக்கிட்டால் 0, 12,000, 16,000, 15,000. ஆக (20, 40).

இரண்டும் 300 ரூபாய் என்றால் ஸ்கேலும் பெட்டிக் கோடும் ஒரே சாய்வு. அப்போது ஸ்கேல் ஒரு மூலையை மட்டும் தொடாமல், (20, 40) முதல் (0, 60) வரை உள்ள விளிம்பு முழுவதையும் தொட்டபடி வெளியேறும். விளிம்பில் எங்கே நின்றாலும் 18,000. விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. அதில் மூலைகளும் அடக்கம்.

வெள்ளை நிலமே மிஞ்சவில்லை என்றால் நான் தப்பாக வரைந்துவிட்டேனா?

சோதித்துப் பாருங்கள், ஆனால் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 60 கிலோ பெட்டியோடு போனவரிடம் வியாபாரி குறைந்தது 75 கிலோ கேட்டால் க + ந ≤ 60, க + ந ≥ 75. இணைகோடுகள், நிழல்கள் எதிரெதிரே. 'தீர்வு இல்லை' என்று எழுதுவதும் முழு விடைதான். பெட்டி நிபந்தனையே இல்லாமல் க + ந ≥ 75-உம், கூடவே க ≥ 0, ந ≥ 0-உம் மட்டும் இருந்தால் நிலம் முடிவில்லாமல் விரியும். அங்கே பெருமம் கிடையாது, ஆனால் சிறுமம் உண்டு. 300, 250 விலைக்கு அது (0, 75)-இல் 18,750.

விடை 20.5 என்று வந்தால் 21 ஆக்கிவிடலாமா?

கிலோ என்றால் 20.5 சரியான விடை, அப்படியே விடுங்கள். கூடை, ஆள், படகு என்றால் முழு எண்தான் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுமையாக்கக் கூடாது. (20.5, 39) நம் நிலத்துக்குள் இருக்கிறது: 41 + 39 = 80. அதை (21, 39) ஆக்கினால் 42 + 39 = 81; ஐஸ் போதாது. முழுமையாக்கிய புள்ளியை எல்லா நிபந்தனைகளிலும் மறுபடி வைத்துப் பாருங்கள்.

படகில் உள்ள ஜிபிஎஸ் எல்லை தாண்டிவிட்டோம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? அங்கே நிழலும் இல்லையே?

ஒரு பையன் கேட்டான். அவன் அப்பா படகில் போகிறவர். அதன் அடியில் இருக்கும் கணக்கு நாம் போடும் அதே சோதனைதான். மேலே சொன்ன ஒப்பந்தத்தின் நான்காவது புள்ளி 9 பாகை 21.80 நிமிடம் வடக்கு, 79 பாகை 30.70 நிமிடம் கிழக்கு. ஐந்தாவது 9 பாகை 13 நிமிடம் வடக்கு, 79 பாகை 32 நிமிடம் கிழக்கு. பாகைகளை விட்டுவிட்டு நிமிடங்களை மட்டும் எடுத்தால் (கி, வ) என்ற அச்சுகளில் (30.7, 21.8), (32, 13). ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்போது கி 1.3 கூடுகிறது, வ 8.8 குறைகிறது. ஆகவே 8.8கி + 1.3வ மாறாமல் இருக்கும், அது 298.5.

ராமேசுவரம் ஏறத்தாழ (19, 17). வைத்துப் பார்த்தால் 189.3. ஆக நம் பக்கம் 8.8கி + 1.3வ < 298.5. இப்போது ஒரு படகு (31, 20)-இல் நிற்கிறது என்போம். 31 என்பது 32-ஐவிடக் குறைவு, உள்ளேதான் இருக்கிறோம் என்று தோன்றும். 272.8 + 26 = 298.8. தாண்டிவிட்டது, சுமார் 60 மீட்டர். சாய்ந்த எல்லையில் ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் புள்ளிகளை இணைப்பது உருண்டையின் மேல் செல்லும் வில்லால். இவ்வளவு குறுகிய தூரத்தில் அதை நேர்கோடாக எடுத்துக்கொண்டது வகுப்புக்காக. கடலில் கருவியைத்தான் நம்ப வேண்டும்.

கிடை அச்சில் ஒரு கட்டம் 10, செங்குத்து அச்சில் ஒரு கட்டம் 5 என்று எடுத்தேன். கோட்டின் சாய்வே வேறாகத் தெரிகிறது. பக்கம் மாறிவிடுமா?

மாறாது. வரைபடத் தாளை ரப்பர் என்று நினைத்து ஒரு திசையில் இழுங்கள். கோட்டின் சாய்வு கூடியோ குறைந்தோ தெரியும், ஆனால் கோடாகவே இருக்கும். அதன் ஒரு பக்கம் இருந்த புள்ளி இழுக்கும்போது மறுபக்கம் தாவாது. வெட்டும் புள்ளிகளும் அதே எண்களோடு இருக்கும். மேலே எல்லைக் கணக்கில் நான் செய்ததும் அதுதான்: நம் பகுதியில் கிழக்கே ஒரு நிமிடம் சுமார் 1.83 கிலோமீட்டர், வடக்கே ஒரு நிமிடம் சுமார் 1.84. இரண்டும் சமமில்லை, ஆனாலும் படகு எந்தப் பக்கம் என்ற விடை மாறவில்லை. கோணத்தையோ தூரத்தையோ தாளில் நேரடியாக அளக்கச் சொன்னால் மட்டும் இரண்டு அச்சிலும் ஒரே அளவு வேண்டும். எந்த அளவு எடுத்தீர்கள் என்பதைத் தாளின் வலது மேல் மூலையில் எழுத மறக்காதீர்கள்.